ஓரியட் குன்றும் ஒரு பந்தும்

அமெரிக்காவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சாதாரணமாக நியூயார்க் நகரத்தின் வானளாவிய கட்டிடங்களைப் பற்றிச் சொல்வார்கள். அப்புறம் நயாகரா நீர்வீழ்ச்சி. அதற்கு மேலும் கேட்பதற்கு ஆள் இருந்தால் ஹாலிவுட். கான்ஸாஸ் மாகாணத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்தின் நட்ட நடுவில் கோதுமை விளைகிற சமவெளி அது. கிழக்கேயிருந்து மேற்கே பறக்கிறவர்கள், ஆகாய விமானத்தில் ஒரு தூக்கம் போடுவதற்கென்றே ஏற்பட்ட பிரதேசம் என்று அதைக் கருதுகிறார்கள்.

நானும் அப்படித்தான் கருதியிருந்தேன். ஆனால் என் பழைய சிநேகிதர் ஒருவருடைய புதல்வன் அங்கே லாரன்ஸ் என்னும் ஊரில் கான்ஸாஸ் சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தான். "பையனை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள், வேளைக்குச் சாப்பிடுகிறானா என்று அவன் அம்மாவுக்குக் கவலை" என்று சிநேகிதர் சொல்லியிருந்தார். பையன் வேளைக்குச் சாப்பிடுகிறான். அது மட்டுமல்ல, கூடைப்பந்துப் பைத்தியமும் அவனைப் பிடித்திருந்தது.

"மாமா, இந்த ஊருக்கு வந்துவிட்டுப் பந்தாட்டம் பார்க்காமல் போகக் கூடாது. அது மதுரைக்குப் போய் மீனாக்ஷி கோயிலைப் பார்க்காமல் திரும்புகிற மாதிரி" என்றான்.

"அப்பனே! ஒரு கூடையில் பந்து போடுவதைப் பார்ப்பதற்கா ஆயிரக்கணக்கான மைல் வந்தேன்?" என்று கேட்டேன்.

அப்படிக் கேட்டது எவ்வளவு பெரிய அறியாமை என்பதை அடுத்த மூன்று தினங்களில் தெரிந்துகொண்டேன். அந்தக் கூடைக்குள்ளே ஒரு தேசத்தின் பெருமையும் சிறுமையும் சேர்ந்து கிடக்கின்றன.

சுதந்திரத்துக்காக ஏற்பட்ட ஊர்

கான்ஸாஸ் சிட்டி என்னும் பெரிய நகரிலிருந்து மேற்கே சுமார் 40 மைல் தூரத்தில் இருக்கிறது லாரன்ஸ். ஊருக்கு நடுவே ஒரு மேடு. அதற்கு ஓரியட் மலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பரங்கிமலையைப் பார்த்தவர்கள் கூட இதை மலை என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள். ஆனால் கண்ணுக்கெட்டிய வரையில் தட்டையாயுள்ள பூமியிலே இதுவே மலையாக விளங்குகிறது. அதன் உச்சியில் சுண்ணாம்புக் கல்லால் கட்டிய சர்வகலாசாலை மண்டபங்கள் வரிசையாக நிற்கின்றன.

இந்த ஊர் தானாக வளர்ந்த ஊர் அல்ல. ஒரு கொள்கைக்காக உண்டாக்கப்பட்ட ஊர். 1854-ம் வருஷத்தில் கான்ஸாஸ் பிரதேசத்தைப் பற்றி அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கு எழுந்தது. கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருக்கும் வழக்கம் அங்கே பரவலாமா, கூடாதா என்பதே வழக்கு. அங்கே குடியேறுகிற ஜனங்களே அதைத் தீர்மானித்துக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தார்கள். உடனே பாஸ்டன் பக்கத்திலிருந்து அடிமை முறையை எதிர்த்தவர்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு வந்து இந்த மேட்டின் அடியில் குடியேறினார்கள். அவர்களுக்குப் பொருளுதவி செய்த ஆமோஸ் லாரன்ஸ் என்னும் வர்த்தகரின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். இன்றைக்கும் ஊரின் பிரதான வீதிக்கு அவர்கள் விட்டு வந்த மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் பெயர்தான்.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1863-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 21-ம் தேதி விடியற்காலையில் குவாண்ட்ரில் என்பவனுடைய தலைமையில் சுமார் 400 குதிரை வீரர்கள் ஊருக்குள் பாய்ந்தார்கள். அடிமை முறையை ஆதரித்த கட்சியைச் சேர்ந்தவர்கள் அவர்கள். சில மணி நேரத்தில் ஊர் எரிந்தது. ஆண்களும் பையன்களுமாக ஏறக்குறைய 150 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தச் சாம்பல் ஆறி மூன்று வருஷங்களுக்குள், 1866-ல், அதே ஊரார் குன்றின் மேல் சர்வகலாசாலையைத் திறந்துவிட்டார்கள்.

அந்த நாளில் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்களுக்கு 'ஜேஹாக்கர்' என்ற பட்டப் பெயர் உண்டு. அதிலிருந்து சர்வகலாசாலைக்கு 'ஜேஹாக்' என்ற ஒரு கற்பனைப் பறவை சின்னமாயிற்று. நீல உடல், சிவப்புத் தலை, மஞ்சள் மூக்கு. அது மட்டுமா? காலிலே பூட்ஸ் போட்டுக்கொண்டிருக்கிற பறவை! 1912-ல் ஒரு மாணவர் வரைந்த விகடச் சித்திரத்தில் அது முதன்முதலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டதாம். இன்னும் கழற்றவில்லை.

தோற்றுப்போன பிதாமகர்

இந்தக் குன்றுக்கு 1898-ம் வருஷத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் வந்து சேர்ந்தார். கனடா தேசத்தவர், சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர், கிறிஸ்தவ வேதாந்தம் படித்தவர், வைத்தியப் பட்டமும் பெற்றவர். சர்வகலாசாலையில் தேகப்பயிற்சி சொல்லிக் கொடுப்பதும் பிரார்த்தனை நடத்துவதும் அவருடைய உத்தியோகம். அவர் வரும்போதே கூடவே ஒரு விளையாட்டையும் கொண்டுவந்தார். அந்த விளையாட்டை உலகத்தில் வேறு யாரிடமிருந்தும் அவர் கற்றுக்கொள்ளவில்லை. அவரே படைத்த விளையாட்டு அது.

நடந்தது இதுதான். 1891-ம் வருஷம் டிசம்பர் மாதம். ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் பயிற்சிக் கல்லூரி. வெளியே பனி. உள்ளே அடங்காப்பிடாரி மாணவர்கள் 18 பேர். தண்டாலும் பஸ்கியும் அவர்களுக்கு அலுத்துவிட்டன. கூரைக்குக் கீழே விளையாடும்படியான புது விளையாட்டு ஒன்றை இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடிக்கும்படி தலைமையாசிரியர் நெய்ஸ்மித்திடம் சொல்லிவிட்டார். நெய்ஸ்மித் யோசித்தார். உள்ளே ஆடினால் மோதிக்கொள்வார்கள். பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதனால்தானே மோதல் வருகிறது? ஆகையால் பந்தோடு ஓடக் கூடாது. வேகமாக எறிந்தால் காயம் படும். ஆகையால் இலக்குத் தலைக்கு மேலே இருக்க வேண்டும். அப்போது பந்தை மெதுவாக வளைத்துத்தான் போட முடியும். இப்படி ஒவ்வொரு சண்டையையும் முன்கூட்டியே யோசித்து அதற்கொரு தடை போட்டுக்கொண்டே போனார். 13 விதிகள் ஆயின. பீச்சுப் பழம் வைக்கிற இரண்டு கூடைகளைக் கூடத்தின் இரு கோடியிலும் மாடிக் கைப்பிடியில் அடித்தார்கள். அந்தக் கைப்பிடி தற்செயலாகப் பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் உலகமெங்கும் கூடையின் உயரம் அதே பத்தடிதான்.

அதே வாலிபர் சங்கத்தின் வழியாகத்தான் இந்த விளையாட்டு நம் நாட்டுக்கும் வந்தது. 1920-ல் பக் துரை சென்னையில் ஸ்தாபித்த தேகப்பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் அதை நம் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனார்கள். ஆகவே நெய்ஸ்மித்துக்கும் நமக்கும் கொஞ்சம் உறவு உண்டு.

கான்ஸாஸ் சர்வகலாசாலைக் கோஷ்டியின் முதல் ஆட்டம் 1899-ம் வருஷம் பிப்ரவரி 3-ம் தேதி நடந்தது. எதிரி, கான்ஸாஸ் சிட்டி வாலிபர் சங்கத்தார். விளையாட்டைப் படைத்தவரே கூட இருந்தும் 16-க்கு 5 என்ற கணக்கில் தோற்றுவிட்டார்கள்! பின்னாலும் பெரிய முன்னேற்றமில்லை. நெய்ஸ்மித் 1907 வரையில் கோஷ்டிக்குத் தலைமை வகித்தார். 55 ஆட்டங்களில் ஜயம், 60-ல் தோல்வி. அன்று முதல் இன்று வரை அந்தக் கோஷ்டியைப் பயிற்றியவர்கள் எட்டுப் பேர்தான். அந்த எட்டுப் பேரிலும் ஜயத்தைவிடத் தோல்வி அதிகமாகக் கணக்கு வைத்தவர் விளையாட்டின் தந்தை ஒருவரே.

ஆனால் அதைப்பற்றி அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. விளையாட்டு என்பது வாலிபர்களின் தேகமும் குணமும் திடப்படுவதற்காக ஏற்பட்டது. ஜயிப்பதற்காக அல்ல என்பது அவருடைய உறுதியான எண்ணம். தம்முடைய விளையாட்டைக் கொண்டு பணம் சேர்க்கவும் அவர் முயலவில்லை. 1937 வரையில் ஆசிரியராகவே இருந்து ஓய்வு பெற்றார்.

பனிக்கொம்புக் குரல்

நெய்ஸ்மித்தின் மாணவர்களில் ஒருவர் பாரஸ்ட் ஆலன். அவருக்குக் கப்பல்கள் மூடுபனியில் ஊதுகிற கொம்பைப் போன்ற குரல். அதனால் 'பாக்' ஆலன் என்றே எல்லோரும் அழைத்தார்கள். கூடைப்பந்து கற்பிக்கிற உத்தியோகம் ஒன்று தமக்குக் கிடைத்திருக்கிறது என்று அவர் குருவிடம் போய்ச் சொன்னாராம். "இந்த விளையாட்டை ஆடலாமே தவிர, இதைக் கற்பிப்பதாவது!" என்ற கருத்தில் நெய்ஸ்மித் சிரித்தாராம்.

சிஷ்யர் குருவின் வார்த்தையைப் பொய்யாக்கினார். 1907 முதல் இரண்டு வருஷமும், பிறகு 1919 முதல் 1956 வரையிலும் ஆலன் கான்ஸாஸ் கோஷ்டியை நடத்தினார். 590 ஆட்டங்களில் ஜயம். 1922, 1923 இரண்டு ஆண்டுகளின் கோஷ்டிகளைப் பிற்காலத்தில் தேசத்திலேயே சிறந்தவை என்று கணித்தார்கள். 1952-ல் தேசிய சாம்பியன் பட்டமே நேராக வந்து சேர்ந்தது. அந்த வருஷம் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் தங்கப் பதக்கம் பெற்ற அமெரிக்கர்களில் ஏழு பேர் இந்தக் குன்றிலிருந்து போனவர்கள்.

கூடைப்பந்தை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டும் என்று அரும்பாடுபட்டவரும் ஆலன்தான். 1936-ல் பெர்லினில் அது நிறைவேறிற்று. 74 வயதுக் கிழவராகிய நெய்ஸ்மித்தை, விளையாட்டு அபிமானிகள் சந்தா சேகரித்துப் பெர்லினுக்கு அனுப்பிவைத்தார்கள். தாம் பனிக்காலத்துக்கென்று கூரையின் கீழ் படைத்த விளையாட்டை, ஜெர்மானியர்கள் திறந்த வெளியில் நடத்துவதை அவர் பார்த்தார். இறுதிப் பந்தயத்தன்று மழை கொட்டிற்று. களம் சேறாயிற்று. பந்து தரையில் துள்ளவேயில்லை. அமெரிக்கா 19, அவர் பிறந்த கனடா 8. மூன்று வருஷத்துக்குப் பிறகு 1939 நவம்பரில் லாரன்ஸ் ஊரிலேயே அவர் காலமானார்.

இவ்வளவும் பெருமைக் கதை. பையன் இவற்றையெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தான். நான் ஒரு கேள்வி கேட்டேன்: "அடிமைகளின் விடுதலைக்காக ஏற்பட்ட ஊர் என்றாயே, அந்தக் கறுப்பு ஜனங்களின் பிள்ளைகள் எப்போது ஆட ஆரம்பித்தார்கள்?"

பையன் கொஞ்சம் தயங்கினான். "1951-ல், மாமா" என்றான்.

நீர் வடித்த குளம்

1899-க்கும் 1951-க்கும் இடையில் 52 வருஷங்கள். இந்த இடைவெளியில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது.

1933-ம் வருஷத்தில் ஜான் மக்லெண்டன் என்னும் கறுப்பு இளைஞர் இந்தச் சர்வகலாசாலையில் வந்து சேர்ந்தார். கான்ஸாஸ் மாகாணத்திலேயே பிறந்தவர். கூடைப்பந்தே அவருக்கு உயிர். ஆனால் சர்வகலாசாலைக் கோஷ்டியில் கறுப்பருக்கு இடமில்லை. படிக்கலாம், கட்டணம் செலுத்தலாம், பந்தை மட்டும் தொடக் கூடாது.

அவருடைய தகப்பனார் விவரம் தெரிந்தவர். "கூடைப்பந்தைப் படைத்தவரே அங்கே ஆசிரியராயிருக்கிறார். அவரிடம் போ" என்று சொல்லி அனுப்பினார். மக்லெண்டன் நேரே நெய்ஸ்மித்தின் அறைக்குப் போய், "நீங்கள்தான் எனக்கு வழிகாட்டி என்று என் தகப்பனார் சொல்லியிருக்கிறார்" என்று தெரிவித்தாராம். கிழவர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். தகப்பனார் வார்த்தைக்கு மறு வார்த்தை உண்டா?

தேகப்பயிற்சிப் பட்டம் பெறுகிறவர்கள் நீச்சலில் தேற வேண்டும் என்பது விதி. சர்வகலாசாலை நீச்சல் குளத்தில் மக்லெண்டன் இறங்கியதும் அங்கே இருந்த வெள்ளை மாணவர்கள் கரையேறிவிட்டார்கள். அவர் நீந்திவிட்டுப் போன பிறகு, குளத்திலிருந்த தண்ணீர் முழுவதும் வடிக்கப்பட்டது! மக்லெண்டன் விடவில்லை. நெய்ஸ்மித்தும் அவர் பக்கம் நின்றார். கடைசியில் குளம் எல்லோருக்கும் பொதுவாயிற்று. 1936-ல் அவர் பட்டம் பெற்றார். கான்ஸாஸ் சர்வகலாசாலையில் தேகப்பயிற்சிப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவரே. ஆனால் குளம் திறந்ததே தவிர ஆடுகளம் திறக்கவில்லை. நெய்ஸ்மித் அப்போது கோஷ்டியின் தலைவர் அல்ல. உலகத்துக்கே விளையாட்டைக் கொடுத்தவரால், தம்முடைய மாணவன் ஒருவனுக்குத் தம்முடைய கல்லூரிக் களத்தில் இடம் வாங்கிக் கொடுக்க முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு அமெரிக்கர்களை ஏசுவதற்கு நமக்கு யோக்கியதை உண்டா என்று நேயர்கள் கேட்கலாம். இல்லைதான். அதே 1936-ல்தான் திருவாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் பிறந்தது. மதுரையில் கோயில் கதவு திறந்தது 1939-ல். அதற்கு முன்னும் பின்னும் நம் கிராமத்துக் குளங்களில் யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்பதை நாம் அறிவோம். நாம் குளத்தை வடிக்கவில்லை, இறங்கவே விடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மக்லெண்டன் தெற்கே போய் வட கரோலினா மாகாணத்தில் டர்ஹம் என்னும் நகரத்துக் கறுப்பர் கல்லூரியில் ஆசிரியரானார். குருவிடம் கற்றதை வேகப்படுத்தினார். பந்து கைக்கு வந்த கணத்திலேயே எதிர்ப்பக்கம் பாய்ந்து ஓடுகிற ஆட்டத்தை வளர்த்தார். 1944-ம் வருஷம் மார்ச்சு 12-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை. ஊர் ஜனங்கள் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரம். பக்கத்திலுள்ள டியூக் சர்வகலாசாலையின் வைத்தியக் கல்லூரி வெள்ளை மாணவர்கள் இரகசியமாக அவருடைய கல்லூரிக்கு வந்தார்கள். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடுவது அந்த மாகாணத்தில் ஆபத்தான காரியம். கதவுகளைத் தாழிட்டுக்கொண்டு ஆடினார்கள். மக்லெண்டன் கோஷ்டி 88, எதிர்க் கோஷ்டி 44. பிறகு நடந்ததுதான் இன்னும் விசேஷம். இரு கட்சியாரும் கலந்து பிரித்துக்கொண்டு இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். ஊர் மாதா கோயிலிலிருந்து திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பல வருஷங்கள் வரை அதைப்பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரே மண்டபம், ஒரே மாதம்

கான்ஸாஸ் கோஷ்டியில் முதல் கறுப்பு ஆட்டக்காரராக லாவன்ஸ் ஸ்குவயர்ஸ் 1951-ல் களத்தில் இறங்கினார். அடுத்த ஆண்டு தேசியப் பட்டம் பெற்ற கோஷ்டியில் அவரும் ஒருவர். 1955-ல் பிலடெல்பியாவிலிருந்து வில்ட் சேம்பர்லேன் வந்தார். ஏழடி ஓரங்குல உயரம்! அவரைக் கொண்டுவந்தவர் ஆலன். ஆனால் அவரை ஆட்டிவைக்கும் பாக்கியம் ஆலனுக்குக் கிட்டவில்லை. 70 வயதாகிவிட்டது, ஓய்வு பெற வேண்டும் என்று 1956-ல் சொல்லிவிட்டார்கள். வில்ட் தமது முதல் பெரிய ஆட்டத்தில் 52 புள்ளிகள் எடுத்தார். லாரன்ஸ் நகரத்திலும் அப்போது சில சாப்பாட்டு விடுதிகளில் கறுப்பருக்கு இடமில்லை. வில்ட் போய் உட்கார்ந்தார். ஏழடி மனிதரை, அதிலும் ஊரே கொண்டாடுகிற மனிதரை, எழுந்து போகச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அப்படியே பல கதவுகள் திறந்தன என்று அவர் பின்னாளில் சொன்னார்.

1957-ல் டல்லாஸ் நகரில் போட்டி. வில்ட்டுக்கும் அவருடைய கறுப்புத் தோழர் மாரிஸ் கிங்குக்கும் அந்நகரத்தில் எந்த ஹோட்டலிலும் இடம் கொடுக்கவில்லை. கோஷ்டி முழுவதும் ஊருக்கு வெளியே தங்கிற்று. களத்தில் ஜனங்கள் காது கூசும் வசை மொழிகளைப் பொழிந்தார்கள். அங்கேயும் ஜயித்துவிட்டு இறுதிப் போட்டிக்குக் கான்ஸாஸ் சிட்டிக்கு வந்தார்கள்.

மார்ச்சு 23-ம் தேதி இரவு. எதிரி, அந்த வருஷம் ஒரு தடவை கூடத் தோற்காத வட கரோலினா சர்வகலாசாலைக் கோஷ்டி. ஆரம்பத்தில் பந்தை மேலே எறியும்போது, வில்ட்டுக்கு எதிரில் தங்கள் கோஷ்டியின் குட்டையான ஆட்டக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தி வேடிக்கை காட்டினார்கள். நேரம் முடிந்தது, சமம். மேல் நேரம் கொடுத்தார்கள்; சமம். மறுபடியும் கொடுத்தார்கள், சமம். மூன்றாவது தடவை, கடைசி ஆறு விநாடிகள் இருக்கையில், வட கரோலினா இரண்டு புள்ளிகள் எடுத்தது. 54-க்கு 53. ஒரே ஒரு புள்ளி!

வில்ட் இந்தத் தோல்வியை நாற்பது வருஷம் மனத்தில் சுமந்தார். 1958-ல் கல்லூரியை விட்டுப் போனவர், திரும்பி வருவதற்கே தயங்கினார். 1998 ஜனவரியில் அவருடைய சட்டையை ஆட்ட மண்டபத்தின் உச்சியில் ஏற்றிக் கௌரவித்தபோதுதான், பழைய கல்லூரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். உங்களையெல்லாம் ஏமாற்றிவிட்டேனே என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன் என்ற பொருள்படப் பேசினார். கூடியிருந்த ஜனங்களின் கரகோஷம் அதற்குப் பதில் சொல்லிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அதே 1957 மார்ச்சு மாதத்தில், கான்ஸாஸ் சிட்டியின் அதே நகர மண்டபத்தில், சிறிய கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியும் நடந்தது. அதில் வென்றது டென்னஸி மாகாணத்துக் கறுப்பர் கல்லூரி ஒன்று. அதன் ஆசிரியர் யார்? நம் மக்லெண்டன்! அடுத்த இரண்டு வருஷங்களிலும் அதே மண்டபத்தில் அதே பட்டத்தை வென்றார். அதற்கு முன் எந்தக் கல்லூரியும் தொடர்ந்து மூன்று முறை தேசியப் பட்டம் பெற்றதில்லை. லாரன்ஸ் களத்தில் கால் வைக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர், அங்கிருந்து 40 மைலில் மூன்று முறை முடி சூட்டிக்கொண்டார். அதில் முதல் முடியைச் சூட்டிய மாதத்தில்தான், கதவடைத்த சர்வகலாசாலை ஒரே புள்ளியில் முடியை இழந்தது. கதாசிரியர்கள் இப்படி எழுதினால் 'நம்பும்படியாக இல்லை' என்று சொல்லிவிடுவோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மக்லெண்டன் 1999 அக்டோபர் 8-ம் தேதி காலமானார். வில்ட் சேம்பர்லேன் அக்டோபர் 12-ம் தேதி. குன்றின் கதவு சாத்தியிருந்த காலத்தவரும், அதை இடித்துத் திறந்தவரும் நான்கு நாள் இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆலனுடைய சிஷ்யர்களிலும் இந்த இரண்டு வழியும் உண்டு. அடால்ப் ரப் கெண்டகி சர்வகலாசாலைக்குப் போய்ப் பெரும் புகழ் பெற்றார். ஆனால் நெடுங்காலம் வெள்ளையரை மட்டுமே ஆடவைத்தார். 1966 இறுதிப் போட்டியில், ஐந்து கறுப்பர்களைக் களத்தில் இறக்கிய டெக்ஸஸ் கல்லூரி ஒன்றிடம் தோற்றார். 1952 கோஷ்டியில் இருந்த டீன் ஸ்மித்தோ வட கரோலினா சர்வகலாசாலைக்குப் போய், அதே 1960-களில் அங்கே கறுப்பு ஆட்டக்காரரைச் சேர்த்து வழி திறந்தார்.

ஆட்ட ராத்திரி

ஆலன் பெயரால் விளங்கும் ஆட்ட மண்டபம் 1955 மார்ச்சு 1-ம் தேதி திறக்கப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பிரம்மாண்டமான தானியக் களஞ்சியம் மாதிரி இருக்கிறது. உள்ளே போனபோதுதான் என் அபிப்பிராயம் மாறிற்று. பதினைந்தாயிரம் பேருக்குமேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வழவழவென்ற மரத் தரை; அதற்கு நெய்ஸ்மித்தின் பெயர். எதிர்க் கோஷ்டியாரை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தபோது மாணவர்கள் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு படிக்கிற பாவனை செய்தார்கள். 'உங்களைக் கவனிக்க எங்களுக்கு அவகாசமில்லை' என்று அர்த்தமாம்! வெகுகாலத்து வழக்கம். பிறகு அந்தப் பத்திரிகைகளையே சுக்கு நூறாகக் கிழித்து ஆகாயத்தில் எறிந்தார்கள். பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தந்தான்.

கோஷம் எழுந்தபோது காதைப் பொத்திக்கொண்டேன். 2017-ல் இந்த மண்டபத்து இரைச்சலை அளந்து 130 டெசிபலுக்கு மேல் என்று கண்டார்களாம். ஆனால் ஜயம் நிச்சயமானதும் அந்த இரைச்சல் அடங்கியது. மெதுவாக, இழுத்து, கோயிலில் ஓதுவது போல ஒரே குரலில் ஒரு முழக்கம் கிளம்பிற்று. 'ராக் சாக்' என்று அதற்குப் பெயர். 1886-ல் பெய்லி என்ற ரசாயன ஆசிரியர் ஆரம்பித்துவைத்த முழக்கம். பின்னால் குன்றின் சுண்ணாம்புக் கல்லின் பெயரும் அதில் சேர்ந்துகொண்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

மேலே பட்டக் கொடிகள் தொங்குகின்றன. 1952-க்குப் பிறகு 36 வருஷம் காத்திருந்து, 1988-ல் டானி மானிங் என்னும் ஒருவருடைய தோளின் மேல் ஏறிக் கிடைத்த பட்டம். 2008-ல் இரண்டு நிமிஷம் இருக்கையில் ஒன்பது புள்ளி பின்தங்கி, கடைசி இரண்டு விநாடியில் மாரியோ சால்மர்ஸ் தூரத்திலிருந்து போட்ட பந்தினால் சமமாகி, மேல் நேரத்தில் வென்ற பட்டம். 2022-ல் பாதி ஆட்டத்தில் 15 புள்ளி பின்தங்கியும், பழைய எதிரி வட கரோலினாவை 72-க்கு 69 என்று வென்ற பட்டம். 1957-க்கு 65 வருஷம் கழித்துப் பதில்!

காட்சிக்கு மறுபக்கமும் உண்டு. கல்லூரி விளையாட்டில் இப்போது பணம் ஆறாய்ப் பெருகுகிறது. பாதரட்சைக் கம்பெனியாரின் பணம் ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் காரியத்தில் புகுந்ததைப் பற்றி நடந்த பெரிய விசாரணையின் முடிவாக, 2017-18 வருஷத்து ஜயங்களில் 15-ஐக் கணக்கிலிருந்து நீக்கும்படி 2023-ல் தீர்ப்பாயிற்று. அந்த வருஷத்துக் கொடியும் போயிற்று. தோல்விக் கணக்கோடு ஓய்வு பெற்ற பிதாமகர் இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ?

இரண்டு தாள்கள்

கடைசி நாள் பையன் என்னை மண்டபத்தை ஒட்டியுள்ள ஒரு புதுக் கட்டிடத்துக்கு அழைத்துச் சென்றான். அங்கே கண்ணாடிக்குள்ளே இரண்டு பழுப்பேறிய தாள்கள். 1891 டிசம்பரில் நெய்ஸ்மித் தட்டச்சுச் செய்வித்துச் சுவரில் ஒட்டிய 13 விதிகள். இந்த ஊரில் நெய்ஸ்மித் பெயருள்ள வீதியிலேயே வளர்ந்து, இந்தச் சர்வகலாசாலையில் படித்த டேவிட் பூத் என்னும் தனவந்தர், 2010-ல் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு இவற்றை வாங்கி இங்கே சேர்ப்பித்தார். இதனால் ஒரு காசும் சம்பாதிக்காதவர் எழுதிய இரண்டு தாள்களுக்கு இந்த விலை!

நான் நின்று விதிகளைப் படித்தேன். பந்தை ஒரு கையாலோ இரு கையாலோ எறியலாம். பந்தோடு ஓடக் கூடாது. தோளால் இடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது. கூடையில் எப்போது பந்து விழுந்ததாகக் கொள்ள வேண்டும். நடுவர் எதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆட வேண்டும். பதின்மூன்றையும் படித்து முடித்தேன். ஆடுகிறவன் என்ன நிறம் என்று ஒரு விதியும் கேட்கவில்லை. பதினாலாவது விதி ஒன்றை இந்தக் குன்றும் இந்தத் தேசமும் எழுதாமலே எழுதிவைத்து, அரை நூற்றாண்டு அமல் நடத்தியிருக்கின்றன. மக்லெண்டன் அந்தப் பதினாலாவது விதியை ஒப்புக்கொள்ளவில்லை. பிதாமகர் எழுதிய பதின்மூன்றை மட்டுமே கொண்டு ஆடினார், ஆட்டிவைத்தார், வென்றார். கூடைப்பந்துக்கென்று ஸ்பிரிங்பீல்டில் ஏற்பட்ட கீர்த்தி மண்டபத்துக்கு நெய்ஸ்மித்தின் பெயர். அதில் மக்லெண்டனுக்கு ஒரு தடவையல்ல, 1979-லும் 2016-லுமாக இரண்டு தடவை இடம் கொடுத்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் ஊர்ப் பொதுத் தோட்டத்தில் சிறு பையன்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பையன், கறுப்புப் பையன், நம்மவர் நிறத்தில் ஒரு பையன். பந்து எங்கள் பக்கம் உருண்டு வந்தது. சிநேகிதரின் புதல்வன் அதை எடுத்து என் கையில் கொடுத்து, "போடுங்கள், மாமா" என்றான். போட்டேன். கூடைக்கு நாலடி இப்பால் விழுந்தது. பையன்கள் சிரித்தார்கள். நெய்ஸ்மித்தும் தோற்றவர்தானே என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

ஊருக்குத் திரும்பியதும் சிநேகிதர், "நயாகரா பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. இரண்டு காகிதம் பார்த்தேன். உம்முடைய பையன் வேளைக்குச் சாப்பிடுகிறான்" என்றேன்.